நெருப்பில் பூசிய பொன்

ஜூன் 9

கொமோது என்கிற அந்தப் பழைய இழுப்பறைப் பெட்டி வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கியும் வாசற்படியில் ஒரு முறை இடித்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அடிபட்டது மரத்தில் இல்லை, காலடியில் இருக்கிற வெண்கலப் பூணில்.

இடுப்பளவு உயரம், மூன்று பெரிய இழுப்பறைகள், மேலே சிவப்பும் சாம்பலுமாகச் சலவைக்கல். முகப்பு நேராக இல்லாமல் லேசாகத் தொந்தி விழுந்த மாதிரி வளைந்து வருகிறது. பிரான்ஸில் செய்து கப்பலில் வந்த சாமான். இத்தனை காலம் புதுச்சேரியிலேயே ஏதோ ஒரு வீட்டில் துணிமணி அடுக்க வைத்திருந்திருக்கிறார்கள்.

முகப்பு முழுக்கப் பூங்கொத்து. தீட்டியது இல்லை. அட்டை கனத்துக்கு அறுத்த மரத்தை இதழ் இதழாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, வஜ்ஜிரப் பசையில் ஒட்டியது. இப்போது எல்லாம் ஒரே தேன் நிறமாகிவிட்டது. சாவித் துவாரத்துப் பூணைக் கழற்றிப் பார்த்தேன். வெயில் படாத அந்தத் துண்டு இடத்தில் இலை இன்னும் பச்சை, ரோஜா இன்னும் சிவப்பு. மகள் செலினைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாரும்மா மீதியை அழிச்சாங்க?" என்று கேட்டாள். ஆறு வயசுக்கு நல்ல கேள்விதான்.

மரம் என் பொறுப்பு. பூண்கள் கஸ்பார் பொறுப்பு. கல்யாணமானதிலிருந்து எங்கள் பட்டறையில் அப்படித்தான். பூண்களின் மேல் யாரோ கடையில் விற்கிற தங்க பெயின்டை அடித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டினால் கருத்த வெண்கலம். கொமோதை வாங்கியிருக்கும் ராகவேந்திரன் சார் பழைய மாளிகை ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருக்கிறார். "மின்சார முலாம் வேணாம். அந்தக் காலத்துல எப்படிப் பொன் பூசினாங்களோ அப்படியே வேணும். முடியுமா?" என்றார்.

கஸ்பார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முடியும் சார்!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். எப்போதுமே அவருக்கு அந்தக் குரல்தான்.

ஜூன் 14

ரோஜா இதழ்கள் பல உதிர்ந்து போயிருக்கின்றன. புதிதாக வெட்டி வைக்கிறேன். இதழின் ஓரத்தைச் சூடான மணலில் சற்று நேரம் செருகி எடுத்தால் பழுப்பேறி நிழல் விழுந்தது போல ஆகும். தட்டை மரம் அப்போதுதான் குழிந்து பூவாகும். ஒரு மூச்சு அதிகமானால் கரிதான்.

பின்கட்டுக் கொட்டகையில் கஸ்பார் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, மெல்லிய தோலில் கட்டிப் பிழிகிறார். பாதரசம் சொட்டி வெளியே வர, உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு பசை நிற்கிறது. அதை வெண்கலத்தில் தடவிக் கரி நெருப்பில் காட்டினால் பாதரசம் போய்விடும், பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். காற்றடித்தால் சூடு சீராக இருக்காதென்று ஜன்னல்களை மூடி வைத்திருக்கிறார். மூக்கில் துண்டு கட்டிக்கொள்கிறார்.

"ஆபத்தில்லையே?" என்று கேட்டேன்.

"முழுங்கினாத்தான் விஷம், மதலே. நான் என்ன அதையா குடிக்கப் போறேன்?"

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செலின் அவர் பக்கத்திலேயே பாயைப் போட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள், அப்படியே தூங்கியும் போகிறாள். சொட்டிய பாதரசத்தில் கொஞ்சம் அவளுக்கு ஒரு பாட்டில் மூடியில் கொடுத்திருக்கிறார். உருட்டி விளையாடுகிறாள். வெள்ளி உருண்டைகளாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.

ஜூன் 21

முதல் பூண் வந்துவிட்டது. ஓரம் சுருண்ட இலை வடிவம், உள்ளங்கை அளவு. நெருப்பிலிருந்து வந்தபோது அழுக்கு மஞ்சள். மெருகுக் கல்லால் மேடான இடங்களை மட்டும் தேய்த்தார். மேடு பளபளக்கிறது, பள்ளம் மங்கலாகவே நிற்கிறது. அந்த இரண்டும் சேர்ந்தபோது, அது உலோகம் என்றே தோன்றவில்லை. கொமோதில் வைத்துத் தள்ளி நின்று இருவரும் பார்த்தோம். சந்தோஷமான நாள்.

ஜூலை 2

கஸ்பார் சரியாகத் தூங்குவதில்லை. காலையில் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, நான்தான் ஓரத்தில் வைத்தேன் என்று கத்தினார். கத்தியதல்ல விஷயம். கத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

காப்பியில் காசு நக்கிய மாதிரி ஒரு ருசி. பாத்திரத்தை மாற்ற வேண்டும்.

ஜூலை 6

ராகவேந்திரன் சார் வேலையைப் பார்க்க வந்தார். கார் நின்ற சத்தம் கேட்டதும் கஸ்பார் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். சாமான் வாங்க வெளியே போயிருக்கிறார் என்று நான் பொய் சொன்னேன். சார் போனபிறகு கதவைத் தட்டினேன்.

"போயிட்டானா?"

"போயிட்டார். என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"அவன் பாக்கிற பார்வை சரியில்ல. கதவைச் சாத்து."

நாலு பேர் கூடினால் நடுவில் நின்று கதை சொல்கிற மனிதர் இவர். கதவைச் சாத்தினேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில்தான்.

ஜூலை 11

இன்று எழுத ஒன்றுமில்லை. உளிகளை எல்லாம் எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 15

செலினின் பள்ளிக்கூடத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா அவர் விரலில் நிற்கவில்லை. கோழி கிளறியது மாதிரி என்னவோ விழுந்தது. இரண்டாம் முறை முயன்றார். பிறகு தாளைக் கிழித்து எறிந்தார். செலின் வீறிட்டு அழுதாள். முன்பெல்லாம் அவள் அழுதால் முதலில் ஓடி வருகிறவர், இப்போது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

குடிக்கிறாரோ என்றுதான் எனக்குச் சந்தேகம். அருகில் போனபோது மூச்சை இழுத்துப் பார்த்தேன். சாராய வாடை இல்லை. வாயிலிருந்து ரத்தமும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். ஈறெல்லாம் வீங்கியிருக்கிறது.

"என்னை எதுக்கு மோந்து பாக்கிற?" என்றார். "என்னைக் கண்காணிக்கச் சொல்லி யார் சொன்னா உனக்கு?" அதோடு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். தொடப் போனேன். என் கை பட்டதும் துள்ளி விலகினார்.

இந்த வீட்டில் கஸ்பாரின் உடம்பில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூலை 19

செலினின் உள்ளங்கையும் உள்ளங்காலும் ரோஜா நிறத்தில் இருக்கின்றன. மருதாணி வைத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று அழுகிறாள். அரிக்கிறதாம், எரிகிறதாம். செருப்புப் போட மாட்டேன் என்கிறாள். வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனைய வியர்க்கிறது. தெருக்கோடி கிளினிக்கில் ஒவ்வாமை என்று சிரப் கொடுத்தார்கள்.

ஜூலை 22

ரோஜா இதழ் இன்றும் வீணாகிவிட்டது. நூல் ரம்பம் கோட்டை விட்டு ஓடுகிறது. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

காரைக்காலிலிருந்து ரெஜினா அக்கா போன் செய்தாள். "குரலே சரியில்லையேடி. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு" என்றாள். கொமோதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். அது ஒரு காரணமே இல்லை என்று எனக்கும் தெரியும். இவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் பயம், கூட இருக்கவும் பயம்.

ஜூலை 26

குளிப்பாட்டும்போது செலினின் விரல் நுனியில் தோல் உரிந்து என் கையோடு வந்தது. தலைமுடியும் கொத்தாக வருகிறது. நிற்கச் சொன்னால் கால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நாளை வேறு டாக்டரிடம்.

ஜூலை 27

டாக்டர் நூர்ஜஹான் குழந்தைகளுக்கான மருத்துவர். அதிகம் பேசாதவர். செலினின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். வேறு கருவியைக் கொண்டுவரச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார்.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு ரத்த அழுத்தம் வரக்கூடாதும்மா. வீட்டுல என்ன வேலை செய்றீங்க?"

பழைய பிரெஞ்சு மரச்சாமான் பழுது பார்க்கிறோம் என்றேன். பிரெஞ்சு பாலிஷ், அரக்கு, ஸ்பிரிட், பசை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். என் மடியில் சுருண்டு கிடந்த செலின், "எங்கப்பாகிட்ட வெள்ளி உருண்டை இருக்கு. நெருப்புல வச்சா காணாமப் போயிடும்" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காணாமப் போகலை பாப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பாதரசமா?"

தலையாட்டினேன்.

"அது நெருப்புல வச்சாத்தான்னு இல்ல, சும்மா கிடந்தாலே ஆவியாகும். வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. முழுங்கினா பெரும்பாலும் வெளியே போயிடும். மூச்சுல போறதுதான் நேரா மூளைக்குப் போகும். தரை இடுக்குல இருக்கும், பாயில இருக்கும், துணியில இருக்கும். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? கை நடுங்குதா? கோவம் வருதா? ஆளுங்களைக் கண்டா ஒதுங்குறாரா?"

அழுதேன் போலிருக்கிறது. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சிறுநீர், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை குழந்தை அந்தக் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது, வீட்டிலேயே வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டு சபாபதி அண்ணன் வீட்டில் நானும் செலினும் தங்கியிருக்கிறோம். கஸ்பாரிடம் சொல்லப் போனேன். ஜன்னல் வழியாக மட்டும் பேசினார்.

"இன்னும் மூணு பூண் இருக்கு. முடிக்காம நிறுத்த முடியாது."

"செலினுக்கு உடம்பு முடியலைங்க. அந்தப் பாதரசம்தான் காரணம்னு டாக்டர் சொல்றாங்க. உங்களுக்கும் அதேதான்."

"டாக்டரையும் உன் பக்கம் சேத்துக்கிட்டியா?" என்று ஜன்னலைச் சாத்தினார்.

ஜூலை 31

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். கை ஓடவில்லை.

பரிசோதனை முடிவு வந்துவிட்டதென்று டாக்டர் கூப்பிட்டார். செலினை சபாபதி அண்ணன் மனைவி கோமளா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். செலின் உடம்பில் பாதரசம் மிக அதிகம், இன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அப்பாவையும் அழைத்து வாருங்கள் என்று கடிதம் கொடுத்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கோமளா அக்கா தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"மதலே, நான் சமையக்கட்டுல இருந்தேன். பிள்ளையைக் காணோம். உன் வீட்டுக்காரர்தான் வந்து தூக்கிட்டுப் போயிருக்காரு. உள்ள பூட்டிக்கிட்டாரு."

பின்கட்டுக்கு ஓடினேன். கொட்டகைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. ஓட்டு இடுக்கில் கரிப்புகை கசிந்தது. உள்ளே செலின் முனகுவது கேட்டது.

சபாபதி அண்ணன் கதவைத் தோளால் இடிக்கப் போனார். தடுத்தேன். உள்ளே நெருப்பு இருக்கிறது, கஸ்பார் மிரண்டால் என்ன செய்வார் என்று தெரியாது.

"கஸ்பார், நான்தான். மதலேன். கதவைத் திறங்க."

"அவங்களைப் போகச் சொல்லு. எம்பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காங்க."

"யாரும் தூக்கிட்டுப் போகலைங்க. அவளுக்குக் கை வலிக்குது. மருந்து போடணும்."

"பொய். நீ எல்லார்கிட்டயும் என்னைப் பத்திப் பேசியிருக்கே."

அதற்குமேல் கெஞ்சவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் செலின் ஒரு மூச்சு இழுக்கிறாள் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. உளியடிக்கிற மரச் சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு கிழக்கு ஜன்னலை அடித்தேன். கண்ணாடி, சட்டம், எல்லாம். கையைக் கிழித்தது தெரியவே இல்லை. உள்ளே குதித்தேன். கரியடுப்பின் மேல் கம்பியில் ஒரு பூண் புகைந்துகொண்டிருந்தது. பாயில் செலின். கஸ்பார் மூலையில், கையில் சூட்டுக் குறடு.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்று அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பிள்ளையை வாரினேன். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். குறடைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். நடுக்கத்தில் சுவர் ஆணிகளில் மாட்டியிருந்த கருவிகள்கூடக் கடகடவென்று ஆடின.

செலினை ஜன்னல் வழியாக அண்ணனிடம் கொடுத்தேன். பிறகு அடுப்பை இரும்பு மூடியால் மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் வெளியே வர மறுத்தார். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் பாக்கிறாங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்று அதையே சொன்னார்.

கோமளா அக்கா தெருவில் இருந்தவர்களை விரட்டினாள். நான் கொடியில் கிடந்த போர்வையை எடுத்து அவர் தலைமேல் போட்டேன். "யாரும் பாக்க முடியாது. என் கையைப் பிடிச்சுக்கங்க" என்றேன். பிடித்துக்கொண்டார். போர்வைக்குள்ளே சின்னப் பிள்ளை மாதிரி நடந்து வந்து ஆட்டோவில் ஏறினார்.

ஆகஸ்ட் 3

அப்பாவும் பெண்ணும் ஒரே ஆஸ்பத்திரி, வேறு வேறு மாடி. பாதரசத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றுகிற மாத்திரை கொடுக்கிறார்கள். அழுகின முட்டை நாற்றம். செலின் துப்பிவிடுகிறாள். மறுபடி கொடுக்கிறேன்.

முகமூடி போட்ட அதிகாரிகள் வீட்டுக்குப் போய் ஒரு கருவியால் அளந்தார்களாம். கொட்டகைக்கு சீல் வைத்துவிட்டார்கள். பாய், துணி, மெத்தை, செலினின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் மூட்டைகட்டி எடுத்துப் போய்விட்டார்கள். நான் வேலை செய்கிற முன்னறையிலும் கருவி கத்தியிருக்கிறது.

என்னையும் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். நர்ஸ் நீட்டிய தாளில் பெயரை எழுதினேன். அவள் கோணிப்போன அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 7

எனக்கும் இருக்கிறது. அவர்கள் இருவரைவிடக் குறைவு. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 16

கஸ்பார் இன்று முதல் முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார். தணிந்த குரல்.

"உளியெல்லாம் நீதானே எடுத்தே?"

"ஆமாங்க. பயந்து போய் எடுத்து வச்சேன்."

"என்னைப் பாத்தா?"

"ஆமா."

தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உளியைக் காணோம்னதும், நீ என்னைக் கொல்லத்தான் எடுத்து வச்சிருக்கேன்னு நினைச்சேன் மதலே. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். நீ சோறு போட்டா பயம். நீ பேசாம இருந்தா அதைவிடப் பயம்."

ஒரே வீட்டில் இத்தனை நாள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். அவர் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். இருவர் கையும் நடுங்கியது. எது யாருடையது என்று தெரியவில்லை.

"பிள்ளைக்கு நான்தானே செஞ்சேன்?" என்றார். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கையை விடவும் இல்லை.

ஆகஸ்ட் 28

ராகவேந்திரன் சார் ஆஸ்பத்திரிக்கே பழங்களோடு வந்தார். உண்மையிலேயே ஆடிப்போயிருந்தார். "இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்மா" என்றார். நம்பினேன். போகும்போது வாசலில் நின்று கேட்டார்:

"மீதி மூணு பூண்... வேற யாராவது இந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்களா? சும்மா கேக்கிறேன்."

கும்பகோணத்தில் ஒருவர் இருக்கிறார். கஸ்பார் இந்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவரிடம்தான். அவருக்கும் பேரக் குழந்தைகள் உண்டு.

"இருக்காங்க சார். பேர் சொல்ல மாட்டேன். மரத்தை நான் எழுந்து வந்து முடிச்சுத் தர்றேன். பூண் மூணும் அப்படியே கருப்பாவே இருக்கட்டும்."

"பாதி பொன், பாதி கருப்புன்னா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"கேட்டா நடந்ததைச் சொல்லுங்க சார்."

சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

கும்பகோணத்துக்கு மட்டும் நானே போன் செய்தேன். "நாப்பது வருஷமா செய்றேன், எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் பெரியவர். கை நடுங்குகிறதா ஐயா என்று கேட்டேன். "அது வயசும்மா" என்றார். டாக்டர் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

செப்டம்பர் 14

காரைக்கால். அக்கா வீடு. செலினுக்குப் புதுத் தோல் வந்துவிட்டது. கால் இன்னும் கொஞ்சம் துவள்கிறது. கஸ்பாருக்கு நடுக்கம் முழுதாகப் போகுமா என்று சொல்ல முடியாது என்கிறார்கள். சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார். அதற்கு நேரம் ஆகிறது. ஆகட்டும் என்று நாங்கள் யாரும் அருகில் போவதில்லை.

நான்தான் இன்னும் ஒழுங்காக இல்லை. யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். செலின் தூங்கும்போது உள்ளங்கையை விரித்து நிறம் பார்க்கிறேன்.

செப்டம்பர் 29

பிற்பகலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் செலின் ஓவென்று அழுதாள். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளையைப் பிடித்து உள்ளங்கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டேன், கண்ணை வெயிலுக்குத் திருப்பினேன். அவள் என்னை இரண்டு கையாலும் தள்ளினாள்.

"விடும்மா! தியோபில் என் ஊதாக் கலர் பென்சிலை உடைச்சிட்டான்!"

அக்கா மகன் தியோபில் ஒரு துண்டுப் பென்சிலோடு சுவரோரம் நின்றான். ரெஜினா அக்கா உள்ளேயிருந்து, "பிள்ளைன்னா அழும்டி. வா இங்க" என்றாள்.

போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கஸ்பார் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். செலின் எங்களைப் பார்த்து இன்னும் பலமாக அழுதாள். கன்னம் நனைய, மூக்கு ஒழுக, தியோபிலைத் திட்டிக்கொண்டே அழுதாள். வலியில்லாத அழுகை. எங்கள் இருவரில் யாரும் அவளைச் சமாதானம் செய்யவில்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.